‘அடுத்து வரும் எண் எது?’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ‘அடுத்து வரும் எண் எது?’ என்ற புதிர்ப் பகுதியைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அண்மையில் 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எண்களைக் கொடுத்து ஆறாவதைக் கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் 32 என்று விடையும் வெளியானது. அந்த விடை தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால், அது ஒன்றே விடை என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுவது நல்லதல்ல என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைத்து, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி பார்த்துக்கொண்டால், வட்டத்தின் உட்பகுதி எத்தனை துண்டுகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16 என்று தங்கள் புதிரில் இருந்த அதே எண்கள் வரும். ஆறு புள்ளிகளுக்கோ 31தான் வரும், ஏழுக்கு 57. காரணத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். வெட்டப்படாத வட்டம் ஒரு துண்டு. வரையப்படும் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது; வட்டத்துக்குள் விழும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொரு துண்டைக் கூட்டுகிறது. ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரு வெட்டுப்புள்ளி உண்டாக நான்கு புள்ளிகள் வேண்டும். ஆறு புள்ளிகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 15, நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும் 15. ஒன்றோடு 15-ஐயும் 15-ஐயும் கூட்டினால் 31.

இங்கே எண்ணை ஊகிப்பதைவிடக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கிறது. இப்படிக் காரணத்தைத் தேட வைக்கும் தொடர்வரிசைகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. அந்த இடம் ஈருறுப்புக் கெழுக்களின் அட்டவணை, அதாவது ஓரங்களில் 1-உம், உள்ளே மேல் வரியின் அடுத்தடுத்த இரண்டு எண்களின் கூட்டலுமாக வரிவரியாக அமைந்த, நம் பாடநூல் பாஸ்கல் முக்கோணம் என்று அழைக்கும் அந்த எண் அடுக்கு. தங்கள் மாணவர் பக்கத்தில் இந்த முக்கோணத்திலிருந்து பிறக்கும் முழு எண் தொடர்வரிசைகளுக்கென வாரம் ஒரு சிறு பகுதியை ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைக் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஏரியூர், பாப்பாரப்பட்டி, மாரண்டஅள்ளிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தமிழ்வழியில் படித்த பிள்ளைகளே என் வகுப்பில் பெரும்பாலும் இருந்தார்கள். பதினோராம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றம் பாடமாகவே இருக்கிறது. ஆனாலும் வகுப்பறையில் அது எதில் போய் முடிகிறது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்: பொது உறுப்பைக் காண்க, நடு உறுப்பைக் காண்க, மாறிலி உறுப்பைக் காண்க. முக்கோணத்தைக் கரும்பலகையில் ஆறு வரி வரைந்து காட்டிவிட்டு, வாய்பாட்டுக்குத் தாவிவிடுகிறோம். முதலாண்டுப் பாடத்தை அவசரமாக முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றிய பிறகு, அந்த ஆறு வரிகூடச் சில பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் இதே முக்கோணத்தை அவர்கள் தமிழ் வகுப்பில் பார்த்துவிட்டே நம்மிடம் வருகிறார்கள். அசை இரண்டே வகை: நேர், நிரை. ஈரசைச் சீர்கள் நான்கு. அவற்றில் நிரையே இல்லாதது தேமா ஒன்று. ஒரு நிரை உள்ளவை புளிமா, கூவிளம் என இரண்டு. இரண்டும் நிரையாக உள்ளது கருவிளம் ஒன்று. ஆக 1, 2, 1. மூவசைச் சீர் எட்டையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். நிரை இல்லாதது தேமாங்காய். ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரை ஆனது கருவிளங்கனி. இங்கே 1, 3, 3, 1. நாலசைச் சீர் பதினாறில் இரண்டு நிரை வருபவை கருவிளந்தண்பூ, புளிமாநறும்பூ, கூவிளநறும்பூ, புளிமாந்தண்ணிழல், கூவிளந்தண்ணிழல், தேமாநறுநிழல் என ஆறு; அந்த வரி 1, 4, 6, 4, 1. இரண்டு நிரை உள்ள நாலசைச் சீர் ஒன்றின் கடைசி அசையை மறைத்துப் பார்த்தால், அது நேராக இருந்தால் முன்னே இரு நிரை கொண்ட மூவசைச் சீரும், நிரையாக இருந்தால் முன்னே ஒரு நிரை கொண்ட மூவசைச் சீரும் நிற்கும். மூன்றும் மூன்றும் ஆறு. மேல் வரியின் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டினால் கீழ் வரியின் எண் கிடைக்கிறது என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான நிறுவலை நான் கரும்பலகையில் எழுதியதில்லை.

அதே அசைகளை ஒற்று நீக்கி எழுத்தெண்ணினால் நேருக்கு ஓரெழுத்து, நிரைக்கு இரண்டெழுத்து. கட்டளைக் கலித்துறைக்கு நேரில் தொடங்கும் அடி பதினாறெழுத்து, நிரையில் தொடங்கும் அடி பதினேழெழுத்து என்று வகுத்தவர்கள் இப்படித்தான் எண்ணினார்கள். நான்கெழுத்து வரும்படி அசைகளை எத்தனை வகையாக அடுக்கலாம் என்று கேட்டால், நிரையே இல்லாமல் 1, ஒரு நிரையோடு 3, இரு நிரையோடு 1, மொத்தம் 5. ஐந்தெழுத்துக்கு 1, 4, 3 என 8 வரும், ஆறெழுத்துக்கு 13. முக்கோணத்தைச் சாய்வாக வெட்டிக் கூட்டும்போது கிடைக்கும் 1, 2, 3, 5, 8, 13 என்ற இந்தத் தொடர்வரிசை ஃபிபனாச்சியின் பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. யாப்பிலிருந்தே இதைக் கண்டடைந்தவர்களும் உண்டு: பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர், அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னே விரகாங்கர், இருவருமே செய்யுளின் மாத்திரைகளை எண்ணும்போது இதை எழுதிவைத்தார்கள்.

பெருமை பேசுவதில் அளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாய்பாடுகளை அடுக்கிய நம் யாப்பிலக்கண ஆசிரியர்கள் பாஸ்கல் முக்கோணத்தை வரைந்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முக்கோணமாகவே அடுக்கிக் காட்டிய விளக்கம் பத்தாம் நூற்றாண்டில் வடமொழி யாப்பு நூலாசிரியர் பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதரிடம் ‘மேரு பிரஸ்தாரம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. அறுசுவைகளைக் கலக்கும் வழிகள் 63 என்று பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை கணக்கிட்டிருப்பதும், பதினாறு நறுமணப் பொருள்களில் நான்கைச் சேர்க்கும் வழிகள் 1,820 என்று வராகமிகிரர் சொல்லியிருப்பதும், ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் சேர்வுகளுக்குப் பொது விதியே தந்திருப்பதும் நம்பகமான செய்திகள். பாஸ்கல் தம் நூலை எழுதியது 1654-இல். அது அச்சில் வந்தது அவர் மறைந்த பிறகு 1665-இல். இந்த அளவில் உண்மையைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் போதுமான ஊக்கம் கிடைக்கும்.

முக்கோணத்தின் ஒரு வரியிலுள்ள எண்களை அப்படியே கூட்டினால் 2-இன் அடுக்குகள் வரும். வர்க்கப்படுத்திக் கூட்டினால் என்ன ஆகும்? 1, 4, 6, 4, 1 என்ற வரிக்கு 1, 16, 36, 16, 1, கூட்டுத்தொகை 70. உச்சியிலுள்ள 1-ஐப் பூச்சியமாவது வரி என்று வைத்து எண்ணினால், இது எட்டாவது வரியின் நடுவில் நிற்கும் எண். இது ஏன் என்பதைக் காட்ட, காவேரிப்பட்டணம் பக்கத்தில் சதுர முறையில் நட்ட ஒரு மாந்தோப்பே போதும். வரிசைக்கு ஐந்து மரமாக ஐந்து வரிசை. தென்மேற்கு மூலை மரத்திலிருந்து வடகிழக்கு மூலை மரத்துக்கு, கிழக்கே அல்லது வடக்கே மட்டும் ஒவ்வொரு மரமாக நடந்து செல்ல வேண்டும். மொத்தம் எட்டு நடை. அவற்றில் எந்த நான்கு கிழக்கே என்று முடிவு செய்தால் பாதை முடிவாகிவிடும். ஆகவே பாதைகள் 70. நான்கு நடை முடிந்ததும், எந்தப் பாதையில் வந்தாலும், தோப்பின் குறுக்கே சாய்வாக நிற்கும் ஐந்து மரங்களில் ஒன்றின் அடியில்தான் நிற்போம். அந்த மரங்களுக்கு வந்துசேரும் வழிகள் முறையே 1, 4, 6, 4, 1. அங்கிருந்து மறுமூலைக்குப் போகும் வழிகளும் அவையே. வந்த வழியைப் போகும் வழியால் பெருக்கிக் கூட்டினால் வர்க்கங்களின் கூட்டல். தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு நேராகப் போகும் மூலைவிட்டத்தைத் தாண்டி வடபுறம் போகக் கூடாது என்று ஒரு தடை வைத்தால், 70-ஐ 5-ஆல் வகுத்து 14 பாதைகளே மிஞ்சும். இப்படிக் கிடைக்கும் 1, 2, 5, 14, 42, 132 என்ற வரிசைக்குக் கேட்டலான் எண்கள் என்று பெயர். பலகோணத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் வழிகளை எண்ணும்போது ஆய்லர் 1751-இலேயே இவற்றைக் கண்டார்.

கனப்படுத்திக் கூட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. 1, 2, 10, 56, 346, 2,252 என்று வரும் இந்த வரிசைக்குக் காரணியப் பெருக்கங்களை மட்டும் வைத்துச் சுருக்கமாக எழுதும் வாய்பாடு கிடையாது. முந்தைய இரண்டு எண்களிலிருந்து அடுத்ததைப் பெறும் விதி மட்டும் உண்டு. அதை 1894-இல் ஃபிரானெல் தந்தார். வர்க்கத்துக்கு அழகான விடை, கனத்துக்கு அப்படி இல்லை என்று அறியும் இடத்தில் ஒரு மாணவருக்கு ஏற்படும் வியப்பு, நூறு புதிர்களுக்குச் சரியான விடை எழுதுவதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இரட்டைப்படை வரிகளின் நடுவில் நிற்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 2, 6, 20, 70, 252, 924, 3,432 என்று போகும். ஐந்தாவதான 252-இலிருந்து 2-ஐக் கழித்தால் 250; அது 5-இன் கனமான 125-ஆல் வகுபடுகிறது. ஏழாவதான 3,432-இலிருந்து 2-ஐக் கழித்தால் 3,430. அது 7-இன் கனமான 343-இன் பத்து மடங்கு. பதினொன்றாவது எண் 7,05,432. 2-ஐக் கழித்து 1,331-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 530 வரும். மூன்றாவதான 20-க்கு இது பொருந்தாது: 18 என்பது 9-ஆல் வகுபடும், 27-ஆல் வகுபடாது. 5-உம் அதற்கு மேற்பட்ட பகா எண்களும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று 1862-இல் உல்ஸ்டன்ஹோம் நிறுவினார். சரி, பகா எண்ணாக இல்லாத ஏதாவது ஓர் எண்ணுக்கும் இது பொருந்திவிடுமா? பொருந்தாது என்று கருதப்படுகிறது. ஆனால் இன்றுவரை யாரும் நிறுவவில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்புக் கணிதம் போதும்.

இதே நடு எண்களைப் பற்றிய இன்னொரு கேள்வியைத் தங்கள் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 2, 6, 70 ஆகிய மூன்றும் எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தாலும் வகுபடாதவை. 20 என்பது 4-ஆல் வகுபடும். 252 என்பது 4-ஆலும் 9-ஆலும் வகுபடும். 70-க்குப் பிறகு வரும் நடு எண்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பகா எண்ணின் வர்க்கத்தால் கட்டாயம் வகுபடும் என்று ஹங்கேரியக் கணித அறிஞர் ஏர்டிஷ் ஊகித்தார். இவர் இளைஞராக இருந்தபோது, ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே பகா எண் ஒன்றாவது இருக்கும் என்பதற்கு இந்த நடுக் கெழுக்களை வைத்தே 1932-இல் எளிய நிறுவல் தந்தவர். (அதே முடிவுக்கு 1919-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் நம் இராமானுஜன் வேறு வழியில் ஒரு சிறு நிறுவல் வெளியிட்டிருந்தார்.) ஏர்டிஷின் ஊகம் மிகப் பெரிய எண்களுக்கு உண்மை என்று 1985-இல் சார்கோசி காட்டினார். விடுபட்ட எண்கள் எல்லாவற்றையும் சேர்த்து முழுமையாக நிறுவிய கட்டுரை ஒன்று 1995-இல் ஹார்டி-இராமானுஜன் இதழில் வந்தது, எழுதியவர் ஜி. வேலம்மாள். கிரான்வில், ராமரே இருவரும் தனியே கண்ட நிறுவல் அடுத்த ஆண்டு வெளியானது. வேலம்மாள் என்ற பெயர் நம் ஊர் வருகைப் பதிவேடுகளில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும்! அந்தப் பெயர் உலகக் கணித ஏட்டில் ஒரு தேற்றத்தோடு சேர்ந்து நிற்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. நானே இதை என் பணிக்காலம் முடியும் தறுவாயில்தான் படித்தேன்.

டிசம்பர் 22 வந்தால் தேசியக் கணித நாளுக்காக எல்லா இதழ்களும் 1729-ஆம் எண் வாடகைக் காரின் கதையை வெளியிடுகின்றன. அந்தக் கதை மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் இராமானுஜன் 1914-இல் வெளியிட்ட பை (π) பற்றிய கட்டுரையில், முன்னே சொன்ன நடு எண்களின் கனங்களை வைத்தே கட்டிய தொடர் ஒன்று இருக்கிறது; அதைப் பிளஸ் ஒன் பிள்ளைகள் கையாலேயே கணக்கிடலாம். முதல் உறுப்பு 5. இரண்டாவது, 47-ஐ 2-இன் கனமான 8-ஆல் பெருக்கி 4,096-ஆல் வகுத்தது. மூன்றாவது, 89-ஐ 6-இன் கனமான 216-ஆல் பெருக்கி 4,096-இன் வர்க்கத்தால் வகுத்தது. 5, 47, 89 என்று 42 கூடிக்கொண்டே போகும். கனமாவது 1, 2, 6, 20 என்ற நடு எண்கள். வகுப்பது 4,096-இன் அடுக்குகள். இந்தத் தொடரின் கூட்டல், 16-ஐப் பையால் வகுத்தால் வருவதற்குச் சமம். மூன்று உறுப்புகளைக் கூட்டி, அதனால் 16-ஐ வகுத்தால் பையின் மதிப்பு 3.1416 என்று வந்துவிடும். நான்காவதையும் சேர்த்தால் 3.141593. கதை கேட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிடாமல் இராமானுஜனின் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்த நிறைவு இதில் கிடைக்கும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்னில் என்னிடம் படித்தவர். நடுத்தர மதிப்பெண் எடுப்பவர். 1978-இல் ஃபிரெஞ்சுக் கணித அறிஞர் அப்பேரி, 1, 2, 3 என்று தொடரும் எண்களின் கனங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் வரும் 1.2020569 என்ற எண் விகிதமுறா எண் என்று அறிவித்து எல்லோரையும் திகைக்க வைத்ததையும், அந்த நிறுவலுக்கு உயிராக இருந்தது 1, 5, 73, 1,445 என்ற தொடர்வரிசை என்பதையும் வகுப்பில் சொல்லியிருந்தேன். இரண்டாவது வரியின் 1, 2, 1 ஒவ்வொன்றையும் முறையே 1, 3, 6 என்ற வேறு கெழுக்களால் பெருக்கி, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1, 36, 36 சேர்ந்து 73. இவற்றையும் முந்தைய இரண்டு எண்களிலிருந்து பெறலாம்: அடுத்த எண்ணுக்கு 1,463-ஐ 1,445-ஆல் பெருக்கி, அதிலிருந்து 27-ஐ 73-ஆல் பெருக்கியதைக் கழித்து, 64-ஆல் வகுக்க வேண்டும். அந்த மாணவி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 21,12,064 என்று எழுதி, 64-ஆல் நீள்வகுத்தல் போட்டு, 33,001 என்று மீதியில்லாமல் முடித்துவிட்டு, அடுத்ததையும் 125-ஆல் வகுத்து 8,19,005 என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து, “சார், வகுக்கிற எண் பெரிசாகிட்டே போகுது, எப்படி சார் மீதியே வர மாட்டேங்குது?” என்று கேட்டார். அப்பேரியின் நிறுவலைப் படித்த கணித வல்லுநர்களும் முதலில் மலைத்தது இதே இடத்தில்தான். தொடக்கத்து 1-ஐ விட்டு எண்ணினால் ஐந்தாவதான 8,19,005-இலிருந்து 5-ஐக் கழித்தால் 125-ஆல் வகுபடும் என்பதை நான் சொல்லவும், அவரே ஏழாவது எண்ணுக்கும் 343-ஐ வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். உல்ஸ்டன்ஹோமின் விதியை ஒத்த இந்தப் பண்பை 1982-இல் கெஸ்ஸல் பொதுவாக நிறுவியிருக்கிறார். கனங்களுக்குப் பதில் ஐந்தாம் அடுக்குகளை வைத்தால் வரும் எண் விகிதமுறா எண்ணா என்பது இன்னும் தெரியவில்லை என்றதும், அந்த வகுப்பில் எழுந்த பேச்சு மணி அடித்த பிறகும் அடங்கவில்லை.

இன்னும் எளிய கேள்விகளும் உள்ளன. ஓர் எண் பாஸ்கல் முக்கோணத்தில் எத்தனை முறை வரலாம்? 3,003 எட்டு முறை வருகிறது: 14, 15, 78, 3,003 ஆகிய நான்கு வரிகளிலும் இருபுறமும் இரண்டு முறை. எல்லா வரிகளிலும் வரும் 1 என்ற எண்ணைத் தவிர்த்து, வேறு எந்த எண்ணும் எட்டு முறை வருவதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. எத்தனை பெரிய எண்ணாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் அது திரும்ப வராது என்று 1971-இல் சிங்மாஸ்டர் கூறிய ஊகம் இன்னும் ஊகமாகவே இருக்கிறது. 120-உம் 210-உம் ஆறு முறை வருகின்றன. எங்கெங்கே என்று தேடச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவார்கள்.

இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள், ஆசிரியர்களும் கேட்பார்கள். சேர்வுகளையும் ஈருறுப்புத் தேற்றத்தையும் பற்றி ஜேஇஇ தேர்வில் வரும் வினாக்களைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறு. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் பயிற்சி வகுப்புகளும் ஆங்கில நூல்களும் இருக்கின்றன. பென்னாகரம் மலையோரத்து ஊர்களில், அஞ்செட்டி, தளிப் பக்கத்து ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கிளை நூலகத்துக்கு வரும் தங்கள் நாளிதழ்தான் பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் கணிதம். அந்தப் பிள்ளைக்கு, பென்சிலும் பெருக்கல் வாய்பாடும் மட்டுமே வேண்டும் இந்தத் துறையைவிடப் பொருத்தமானது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பகுதியைத் தொடங்குவதாக இருந்தால் சில கருத்துகள். வாரத்துக்கு ஒரு தொடர்வரிசை போதும். விடையை மறுவாரமே வெளியிடாமல் இரண்டு வாரம் பொறுத்து, வாசகர்கள் அனுப்பிய நிறுவல்களில் நல்லதை, அனுப்பிய பள்ளியின் பெயரோடு வெளியிட வேண்டும். வெறும் விடைக்குப் பாராட்டு வேண்டாம். காரணம் எழுதியவர்களுக்கே இடம் கொடுங்கள். கலைச்சொற்களைப் பாடநூலில் உள்ளபடியே கையாள வேண்டும்; ஒரு வாரம் கெழு, மறுவாரம் குணகம் என்று எழுதினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். நீல் ஸ்லோன் 1964-இல் தம் ஆராய்ச்சிக்காகக் குறிப்பட்டைகளில் சேர்க்கத் தொடங்கி, 1973-இல் 2,372 தொடர்வரிசைகளோடு நூலாக வெளியிட்டு, இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் தொடர்வரிசைக் களஞ்சியத்தைப் பற்றியும் ஒரு வாரம் எழுதலாம். நான்கைந்து எண்களைத் தட்டினால் அந்த வரிசை இதுவரை எங்கெல்லாம் தோன்றியிருக்கிறது என்பதை அது காட்டிவிடும். ஆனால் நிறுவலுக்கு முன் அதைப் பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அச்சுக்கோப்பில் ஒரு கவனம் தேவை. மாணவர் பக்கத்தில் அடுக்குகள் மேலே ஏறாமல் எண்ணோடு ஒட்டி அச்சாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2-இன் பத்தாம் அடுக்கு 210 என்று வந்தால், முதல் முறையாகப் படிக்கும் பிள்ளை அதை இருநூற்றுப் பத்து என்றே எடுத்துக்கொள்ளும். அச்சில் சிக்கல் இருந்தால் ‘2-இன் 10-ஆம் அடுக்கு’ என்று சொல்லால் எழுதிவிடலாம். இந்தக் கடிதத்தில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் நான்கு வாரங்களுக்கான பகுதிகளை எழுதி இத்துடன் இணைத்துள்ளேன்: வட்டத்தைப் பிரித்தல், நேரும் நிரையும், மாந்தோப்புப் பாதைகள், 252-உம் 125-உம். எண்கள் ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்திருக்கிறேன். இவற்றுக்கு ஊதியம் எதுவும் வேண்டியதில்லை. வாசகர்களின் விடைகளைத் திருத்தும் வேலை அதிகமாக இருக்கும் என்று தாங்கள் தயங்கினால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியிலும் ஓய்விலும் உள்ள கணித ஆசிரியர்கள் சிலர் என்னோடு சேர்ந்து அதைச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விடைத்தாள்களைக் கட்டாக அனுப்பிவைத்தால் பத்து நாளில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.